பன்னாட்டு விமானப் பயணத்தில் காயமடைந்தால்

பன்னாட்டு விமானத்தினுள்ளோ, அதில் ஏறும்போதோ இறங்கும்போதோ நேரும் விபத்தில் பயணி காயமடைந்தால், 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை (விமான நிறுவனங்களின் பொறுப்பை வரையறுக்கும் பன்னாட்டு ஒப்பந்தம்) பொருந்தும் பயணங்களில், விமான நிறுவனத்தின் கவனக்குறைவை அவர் நிரூபிக்க வேண்டியதில்லை. மெய்ப்பிக்கப்பட்ட இழப்பில் 1,51,880 சிறப்பு எடுப்பு உரிமை அலகுகள் வரை (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு இது, 2024 டிசம்பர் 28 முதல் இந்த வரம்பு நடப்பில் உள்ளது) நிறுவனம் பொறுப்பை மறுக்க இயலாது, பயணியின் சொந்தக் கவனக்குறைவும் காரணமாக இருந்தால் மட்டுமே தொகை குறையலாம். இதையே உச்சவரம்பு என்று எண்ணிவிடக் கூடாது. அதற்கு மேலும் கோரலாம். தன்மீது தவறில்லை என்பதை அப்போது நிறுவனம்தான் காட்ட வேண்டும்.

உண்மையான சிக்கல் ‘விபத்து’ என்ற சொல்லில் இருக்கிறது. பயணிக்குப் புறத்தே நிகழும் எதிர்பாராத அல்லது வழக்கத்துக்கு மாறான நிகழ்வே விபத்து என, இதற்கு முந்தைய வார்சா உடன்படிக்கையில் இருந்த இதே சொல்லுக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1985இல் விளக்கம் தந்தது. ஆகவே, இயல்பான காற்றழுத்த மாற்றத்தால் காது பாதிக்கப்பட்டால் அது இதில் அடங்காது.

எனவே, காயத்தை விமானப் பணியாளரிடம் உடனே தெரிவித்து, எழுத்துப்பூர்வமாகப் பதிவுசெய்யுமாறு கேளுங்கள். மருத்துவச் சான்றுகளையும் போர்டிங் பாஸையும் பத்திரப்படுத்துங்கள். விமானம் சேருமிடத்தை அடைந்த நாளிலிருந்து, அல்லது அடைந்திருக்க வேண்டிய நாளிலிருந்து, 2 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் உரிமையே அற்றுப்போகும் என்பதால், நிறுவனத்தின் பதிலுக்காகக் காலவரையின்றிக் காத்திருக்க வேண்டாம்.