ராத்திரி 11 மணி பில்லுக்கு முன்னாடியே நாய்க்கு இன்சூரன்ஸ் எடுக்குறது எப்படி

எங்க வீட்டு நாய் பேரு சுண்டல், பெங்களூர் முருகேஷ்பாளையால ஒரு பேக்கரி வாசல்ல கெடச்ச இண்டி, அதாவது நம்ம ஊரு தெரு நாய். போன மழைக்காலத்துல ரெண்டு நாளா சோத்த தொடல, மூணாம் நாள் ஈறைத் தூக்கிப் பாத்தா வெளுத்துக் கெடக்கு, மணி ராத்திரி 11, நாயப் பாத்ததும் ரெண்டு ஆட்டோ நிக்காமப் போச்சு, மூணாவது ஆட்டோ அண்ணன் ஆம்பூர்காரரு, “ஏறும்மா, சீட்டுல துண்ட விரிச்சுக்கோ”ன்னாரு. கிளினிக்ல உண்ணிக் காய்ச்சல்னாங்க, பிளேட்லெட் சரிஞ்சிருக்கு, அட்மிட் பண்ணணும், ரத்தம் ஏத்த வேண்டி வந்தாலும் வரலாம்னு சொல்லிட்டு ஒரு பேப்பர நீட்டுனாங்க. எஸ்டிமேட். கீழ கையெழுத்து போடணும். நாய் ஒரு பக்கம் நடுங்குது, நான் ஒரு பக்கம் போன்ல பேங்க் பேலன்ஸ் பாத்துட்டு நிக்கிறேன்.

சுண்டல் பொழைச்சுக்கிச்சு. அந்த அஞ்சு நிமிஷம் மட்டும் இன்னும் போகல, அதான் இத எழுதுறேன். பொழைக்குமாங்கிற பயத்த எந்த பாலிசியும் எடுத்துக்காது, பணத்துக்கு எங்க ஓடுறதுங்கிற பயத்துல பாதிய எடுத்துக்கும். அந்த பாதி கொறைஞ்சாலே டாக்டர் சொல்றது காதுல விழும்.

ஸ்டெப் 1: நாய் நல்லா இருக்கும்போதே எடுங்க

நான் பண்ண தப்பு இதுதான், டிஸ்சார்ஜ் ஆன அடுத்த வாரம் பாலிசி தேடுனேன். ஏற்கனவே வந்த நோய், அதோட தொடர்ச்சி, இதெல்லாம் கவர் ஆகாது. ஃபார்ம்ல மறைச்சிரலாம்னு நெனைக்காதீங்க, கிளைம் வரும்போது பழைய பிரிஸ்கிரிப்ஷன கேப்பாங்க, மாட்டிக்குவீங்க. வயசும் இருக்கு, பல கம்பெனில குட்டிக்கு 3 மாசமாவது ஆகியிருக்கணும், வயசான நாய்க்கு புதுசா தர மாட்டாங்க, கிரேட் டேன் மாதிரி பெரிய ஜாதிக்கு அந்தக் கதவு இன்னும் சீக்கிரமே சாத்திரும். இண்டிக்கு தர மாட்டாங்கன்னு ஒரு வதந்தி சுத்துது, நம்பாதீங்க, தர்ற கம்பெனி இருக்கு. 2020-ல பஜாஜ் அலையன்ஸ் நாய்க்குனு தனி பாலிசி கொண்டு வந்தாங்க, அரசு கம்பெனியான நியூ இந்தியா அஷ்யூரன்ஸ்லயும் நாய்க்கு பாலிசி உண்டு, நாலஞ்சு எடத்துல விசாரிங்க.

ஸ்டெப் 2: பேப்பர் ரெடி பண்ணுங்க

தடுப்பூசி கார்டு, டாக்டர் கிட்ட ஹெல்த் சர்டிபிகேட், நாயோட போட்டோ. தெருவுல கெடச்ச நாய்க்கு பொறந்த தேதி ஏது, டாக்டர் பல்லப் பாத்து தோராயமா ஒரு வயசு எழுதித் தருவாரு, அத ஒரு தடவ முடிவு பண்ணிட்டா எல்லா எடத்துலயும் அதையே போடுங்க. போட்டோதான் பெரிய கூத்து, எங்களுக்கு மூஞ்சி ஒண்ணு, ரெண்டு சைடும் ஒண்ணு ஒண்ணு கேட்டாங்க, வீட்டுக்காரர் கையில கோழித்துண்டோட நிக்கிறாரு, அது சைடு காட்டவே இல்ல, கடைசில மூணு போட்டோலயும் அவரு முழங்கை இருக்கு.

முடிஞ்சா மைக்ரோசிப் போட்டுருங்க. அரிசி அளவுதான், தோள்பட்டைக்கு நடுவுல தோலுக்கு அடியில ஊசில போடுவாங்க, 15 டிஜிட் நம்பர் வரும். எங்க தெருவுலயே சுண்டல் கலர்ல நாலு நாய் இருக்கு, எந்த நாய்க்கு வைத்தியம் பாத்தோம்னு கம்பெனி கேட்டா அந்த நம்பர்தான் பேசும்.

ஸ்டெப் 3: “கவர் ஆகாது” பக்கத்த மொதல்ல படிங்க

எல்லாரும் பிரீமியத்த பாத்துட்டு, எவ்ளோ கவர்னு பாத்துட்டு, டக்குனு பணம் கட்டிருவாங்க. காபி போட்டு வச்சுட்டு கடைசிப் பக்கத்துல இருந்து படிங்க. தடுப்பூசி, பூச்சி மாத்திரை, குளிப்பாட்டுறது, முடி வெட்டுறது, பல்லு கிளீனிங், பிரசவம், இதெல்லாம் பொதுவா நம்ம செலவுதான். தடுப்பூசி போட்டிருந்தா வந்திருக்காதுங்கிற நோய், பார்வோ, டிஸ்டெம்பர் மாதிரி, கார்டுல ஊசி தேதி தவறியிருந்தா பைசா வராது, அதனால வருஷ ஊசிய தள்ளிப்போடாதீங்க. வெயிட்டிங் பீரியடும் உண்டு, பாலிசி எடுத்த மறுநாளே நோய்னு போய் நிக்க முடியாது, எத்தன நாள்னு கம்பெனிக்கு கம்பெனி மாறும்.

அப்புறம் கணக்கு. உதாரணத்துக்கு ஆபரேஷன் பில் 40,000 ரூபா, பாலிசில ஆபரேஷன் லிமிட் 30,000, கோ-பே, அதாவது நம்ம தலையில விழுற பங்கு, 10 பர்சன்ட்னு வைங்க. 30,000-ல 3,000 கழிச்சு 27,000 வரும், மிச்சம் 13,000 நம்ம கையில இருந்து. “ஒரு லட்சம் கவர்”னு கொட்ட எழுத்துல போட்டிருக்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல பாருங்க. அபார்ட்மென்ட்ல இருக்கறவங்க, நம்ம நாய் யாரையாவது கடிச்சுட்டா அதுக்கான நஷ்டஈடு கவர் இருக்கான்னும் கேளுங்க. லிஃப்டுல என்ன நடக்கும்னு யாருக்குத் தெரியும்.

பொட்ட நாய் வச்சிருக்கீங்களா, கருத்தடை பண்ணலையா, கர்ப்பப்பைல சீழ் வர்ற பயோமெட்ரா கவர் ஆகுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. அது வந்தா உடனே ஆபரேஷன்தான், காத்திருக்க நேரமே இருக்காது.

ஸ்டெப் 4: கிளைம்

பெரும்பாலும் மொதல்ல நாமதான் கட்டணும், அப்புறம் திருப்பி வாங்கணும். அதனால பாலிசி இருந்தாலும் கையில கொஞ்சம் பணம் வேணும், இத ஏஜென்ட் யாரும் வாயத் தொறந்து சொல்ல மாட்டாங்க. அட்மிட் ஆனதும் பாலிசில சொன்ன நேரத்துக்குள்ள கம்பெனிக்கு தகவல் சொல்லிருங்க. பிரிஸ்கிரிப்ஷன், லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, எல்லாத்தையும் அங்கயே நின்னு போட்டோ எடுத்துக்கோங்க.

இந்த வருஷம் சுண்டல் கண்ணாடித்துண்ட மிதிச்சு பாதத்துல தையல் போட்டோம். கிளினிக்ல தந்த பில்லுல ஒரே வரி, “ட்ரீட்மென்ட் சார்ஜஸ்”, மேல நாய் பேரு “சாண்டல்”. மைசூர் சாண்டல் சோப்புன்னு நெனைச்சுட்டாங்க போல. பேரு ஒத்து வரல, ஐட்டம்வாரியா பில் இல்லன்னு கிளைம் திரும்பி வந்துச்சு, மறுபடி கிளினிக்குக்கு ஒரு நட. பில்ல கையில வாங்குன ஒடனே பேரு, தேதி, சிப் நம்பர், ஒவ்வொரு மருந்துக்கும் தனி ரேட்டு, இத பாத்துட்டுதான் கவுண்டர விட்டு நகருங்க.

நியாயமில்லாம மறுத்தா மொதல்ல கம்பெனியோட குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில், அப்புறம் இன்சூரன்ஸ் கம்பெனிகள கண்காணிக்கிற ஐஆர்டிஏஐயோட புகார் வெப்சைட்டான பீமா பரோசா போர்ட்டல், போன்னா 155255. ஒரு மாசத்துல பதில் வரலன்னாலோ, வந்த பதில் திருப்தி இல்லன்னாலோ இன்சூரன்ஸ் புகார விசாரிச்சு தீர்த்து வைக்கிற ஆம்புட்ஸ்மன் இருக்காரு, பெங்களூர் ஆபீஸ் ஜேபி நகர்ல, ஃபீஸ் கெடையாது, வக்கீலும் வேணாம்.

வயசான நாய், பாலிசி கெடைக்கலன்னா அந்த பிரீமியத்த மாசாமாசம் பேங்க் ஆர்டில போடுங்க, ஹெப்பால் வெட்னரி காலேஜ் ஆஸ்பத்திரிய தெரிஞ்சு வச்சுக்கோங்க. கூட்டம் இருக்கும், ஆனா பிரைவேட் பில்லோட பாத்தா செலவு ரொம்பவே கம்மி.

கடைசியா ரெனியூவல். ஒரு நாள் தவறுனாலும் வெயிட்டிங் பீரியட் மொதல்ல இருந்து ஆரம்பிக்கலாம். நான் போன்ல அலாரம் வச்சுட்டேன். வேலூர்ல இருந்து வந்திருந்த அம்மா அத பாத்துட்டு, “நாய்க்கு தேதி ஞாபகம் வச்சிருக்க, அப்பாவோட பாலிசி எப்போடி கட்டணும்?”னாங்க. அதுக்கும் ஒரு அலாரம் போட்டாச்சு.