சாயப்பட்டறை பம்புக்கு மெக்கானிக்கல் சீல் தேர்ந்தெடுப்பது எப்படி?

துணிக்குச் சாயமேற்றும் எங்கள் சாஃப்ட்ஃப்ளோ இயந்திரத்தின் மெயின் பம்ப் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஒழுகத் தொடங்கியபோது, சுழலும் தண்டு வழியாகத் திரவம் ஒழுகாமல் தடுக்கும் மெக்கானிக்கல் சீலை மாற்ற மட்டுமே எங்களுக்குத் தெரிந்திருந்தது, தேர்ந்தெடுக்கத் தெரிந்திருக்கவில்லை. பழைய சீலை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், "இதே அளவில் ஒன்று" என்று கேட்டு வாங்கி வருவோம். நான்கு சீல்கள் வீணான பிறகு ஒருவழியாகக் காரணம் பிடிபட்டது. பின்னலாடைச் சாயப்பட்டறைகளில் பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வருபவர்கள் அதே பாடத்தைப் பணம் கொடுத்துப் படிக்க வேண்டாம் என்பதற்காக இதை எழுதுகிறேன். பம்பைக் கழற்றவும், கப்ளிங் அலைன்மென்ட் பார்க்கவும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

தண்டைச் சுற்றித் திணிக்கும் கயிறான கிளாண்ட் பேக்கிங்கே போதாதா என்று சிலர் கேட்பதுண்டு. பேக்கிங் சொட்டினால்தான் அது சூடாகாமல் இருக்கும். நிமிடத்துக்கு 40 சொட்டு என்றால் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 3 லிட்டர். 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடாத முறைக்கு வந்துவிட்ட நமக்கு, தரையில் சொட்டும் ஒவ்வொரு லிட்டரையும் சுத்திகரிக்கும் செலவு தனி.

முதற்படி: பேட்ச் கார்டைப் படியுங்கள்

பம்பின் பெயர்ப்பலகையைப் பார்த்துச் சீல் வாங்காதீர்கள். அதில் திரவம் என்ற இடத்தில் பெரும்பாலும் "தண்ணீர்" என்றுதான் இருக்கும். உண்மையில் அந்தப் பம்புக்குள் ஒரே நாளில் ஐந்தாறு திரவங்கள் வந்து போகின்றன. காட்டன் பிளீச்சிங்கில் காஸ்டிக்கும் ஹைட்ரஜன் பெராக்சைடும் 95 முதல் 98 டிகிரியில் ஓடும். அடுத்து அசிட்டிக் அமிலம். பிறகு 60 டிகிரியில் ரியாக்டிவ் சாயம், அதனுடன் அடர்நிறமானால் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் வரை கிளாபர் உப்பு, மேலும் சோடா ஆஷ். கடைசியில் கொதிநிலையை ஒட்டிய சோப்பிங். பாலியெஸ்டர் ஓட்டினால் 130 டிகிரியில் பி.எச். 4.5 அளவிலான அமிலக் குளியலும், அதைத் தொடர்ந்து காஸ்டிக்கும் ஹைட்ரோஸும் (சோடியம் ஹைட்ரோசல்ஃபைட்) சேர்த்து, ஒட்டாத சாயத்தை நீக்கும் ரிடக்ஷன் கிளியரிங்கும் உண்டு. ஒவ்வொரு தொகுதிக்குமான செய்முறை எழுதிய பேட்ச் கார்டைப் பார்த்து, இவை ஒவ்வொன்றுக்கும் வெப்பம், பி.எச்., உப்பின் அளவு, இயந்திர அழுத்தம் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொரு பத்தியிலும் மிக மோசமான எண்ணுக்கு வட்டமிடுங்கள். அந்த வட்டங்களுக்குத்தான் நாம் சீல் வாங்குகிறோம்.

பி.எச். பார்க்கச் சாதாரணத் தாளே போதும். வெப்பத்துக்கு இன்ஃப்ராரெட் கன்னை அப்படியே நம்பிவிடாதீர்கள். பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பரப்பில் அது உண்மையைவிட வெகுவாகக் குறைத்துக் காட்டும். பம்ப் உடலில் ஒரு ரூபாய் அளவுக்கு மங்கலான கறுப்பு பெயிண்ட் அடித்து, அந்த இடத்தில் அளப்பது என் வழக்கம்.

130 டிகிரி ஓட்டுபவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வெப்பத்தில் தண்ணீரின் ஆவியழுத்தம் சுமார் 2.7 பார், வெளிக்காற்றின் அழுத்தத்தைக் கழித்துக் காட்டும் கேஜில் பார்த்தால் 1.7. சீல் அறையின் அழுத்தம் இதைவிடப் போதிய அளவு கூடுதலாக இல்லையென்றால், சீலின் சுழலும் வளையமும் நிலையான வளையமும் ஒன்றையொன்று தொடும் முகங்களுக்கு நடுவிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் ஆவியாகிவிடும். பம்பருகே "பொட் பொட்" என்ற சத்தமும் விட்டுவிட்டு நீராவியும் வந்தால் காரணம் இதுவாக இருக்கலாம். அப்போது சீலைக் குறை சொல்வதற்கு முன்பு இயந்திரத்தின் காற்றழுத்தத்தைப் பாருங்கள்.

இரண்டாம் படி: ரப்பர்

நான் இடறி விழுந்த இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

முதல் சீலில் இருந்தது நைட்ரைல் ரப்பராலான ஓ-ரிங் (வளையம்). அது 100 டிகிரிக்கு மேல் தாங்காது என்று கேள்விப்பட்டு, கடைக்காரர் சொன்னபடி வைட்டான் என்ற ரப்பருக்கு மாறினோம். விலை அதிகம், 200 டிகிரி வரை தாங்கும் என்றார். நாங்களும் நிம்மதியாகப் பூட்டினோம். மூன்றாவது வாரம் ஒழுகியது. ஃபிட்டர் சரியாகப் பூட்டவில்லை என்று அவரைத் திட்டினோம், அலைன்மென்ட்டை மறுபடி பார்த்தோம், பேரிங்கையும் மாற்றினோம். நான்காவது சீலைக் கழற்றியபோதுதான் முகங்கள் இரண்டும் கீறலே இல்லாமல் கண்ணாடி போல் இருந்ததைக் கவனித்தேன். முகம் கெடாமல் சீல் எப்படி ஒழுகும்? தண்டின் மேல் மாட்டிய உறையான ஸ்லீவின் மேலிருந்த ஓ-ரிங்கை நகத்தால் நெம்பியதும் அது வளையாமல் காய்ந்த வடகம்போல் இரண்டாக உடைந்தது. உள்பக்கம் உருண்டை வடிவம் போய்த் தட்டையாகி, நுண்ணிய வெடிப்புகள் ஓடியிருந்தன.

வைட்டான் 200 டிகிரி தாங்கும் என்பது உண்மைதான். ஆனால் அது எண்ணெயில். சூடான காரம் அதன் மூலக்கூற்றுச் சங்கிலியைத் தாக்கி, ரப்பரை இறுகவும் வெடிக்கவும் வைக்கிறது. நாங்கள் நாள்தோறும் அதைச் சூடான காஸ்டிக்கில் வேகவைத்துக்கொண்டிருந்தோம். நமக்குப் பொருந்துவது ஈ.பி.டி.எம். ரப்பர். விலையும் குறைவு, சூடான தண்ணீர், காஸ்டிக், நீர்த்த அசிட்டிக் அமிலம், பிளீச்சிங்கில் வரும் அளவிலான பெராக்சைடு ஆகிய எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்துச் சுமார் 150 டிகிரி வரை தாங்கும். அதன் ஒரே பகை எண்ணெய். சாயமேறாத கிரே துணியில் பின்னல் இயந்திரத்தின் நிட்டிங் ஆயில் இருக்குமே என்று எனக்கும் தயக்கம் இருந்தது. கரைந்து நீர்த்த அந்த அளவுக்கு எங்கள் பம்பில் ஓ-ரிங் உப்பவில்லை. மாற்றிய பிறகு அந்தச் சீல் 14 மாதம் ஓடியது.

மூன்றாம் படி: முகங்கள்

மெயின் பம்புக்கு ஒருபக்கம் கார்பன், எதிர்ப்பக்கம் சிலிக்கான் கார்பைடு என்பதே என் தேர்வு. குளியலை வடிக்கும்போது பம்ப் சில நொடிகள் வறண்டு ஓடினாலும் கார்பன் பொறுத்துக்கொள்ளும். இருபக்கமும் சிலிக்கான் கார்பைடு போட்டால் உப்புத் துகளுக்கும் அழுக்குக்கும் நல்லது. ஆனால் வறண்டு ஓடினால் மன்னிக்காது. அதை உப்புக் கரைசல் பம்புக்கும், கழிவுநீரை ஆவியாக்கும் எவாப்பரேட்டரின் சுழற்சிப் பம்புக்கும் வைத்துக்கொள்ளுங்கள். மலிவான செராமிக் முகம் சூட்டிலிருந்து திடீரென்று குளிர்ந்தால் விரிசல் விடும் என்பதால் சூடான குளியல்களுக்கு வேண்டவே வேண்டாம்.

சிலிக்கான் கார்பைடிலும் இரண்டு வகை உண்டு. ரியாக்ஷன் பாண்டட் வகையில் சேராத சிலிக்கான் மிச்சமிருக்கும். காஸ்டிக் அதைக் கரைத்து முகத்தைச் சொரசொரப்பாக்கும். சின்டர்டு வகை என்று பில்லிலேயே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

நான்காம் படி: ஸ்பிரிங்

நம் அழுத்தம் 10 பாருக்கு வெகு கீழே என்பதால் திரவ அழுத்தம் முழுவதும் முகங்களின் மேல் விழும் எளிய வகையான அன்பேலன்ஸ்டு சீலே போதும். சிறு ஸ்பிரிங்குகள் பல கொண்ட சீலில் காட்டன் பஞ்சு புகுந்து அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரே பெரிய ஸ்பிரிங் உள்ளதையே நான் விரும்புகிறேன். அதில் கூம்பு வடிவ ஸ்பிரிங்குக்கு மட்டும் சுழலும் திசை முக்கியம்: தண்டு சுழலும்போது ஸ்பிரிங் இறுக வேண்டும், அவிழக் கூடாது. மோட்டாரை ரீவைண்டிங் செய்து கொண்டுவந்தால் கப்ளிங்கைக் கழற்றி வைத்துத் திசை பார்த்த பிறகே பம்போடு இணையுங்கள்.

ஐந்தாம் படி: அளவு

சீல் அமர்வது தண்டின் மேல் அல்ல, ஸ்லீவின் மேல். கேட்லாகில் உள்ள தண்டு அளவைச் சொல்லி வாங்கிவந்து திருப்பிக் கொடுத்தவர்கள் பலர். வெர்னியரைவிட மைக்ரோமீட்டர் நல்லது. மூன்று இடத்தில் அளந்து பாருங்கள். பழைய ஓ-ரிங் இருந்த இடத்தில் நகம் மாட்டும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் ஸ்லீவையே மாற்றிவிடுங்கள். மேக்னெடிக் பேஸுடன் டயல் கேஜ் வைத்துத் தண்டைக் கையால் சுற்றும்போது ஆட்டம் 0.05 மி.மீ.க்குள் இருக்க வேண்டும். இந்தக் கேஜ் இல்லாத பராமரிப்பு அறை எனக்குப் பிடிப்பதில்லை. வேகத்தையும் ஒருமுறை கணக்கிட்டுப் பாருங்கள்: 45 மி.மீ. ஸ்லீவ் 1450 ஆர்.பி.எம்.இல் விநாடிக்கு 3.4 மீட்டர், சாதாரணச் சீலுக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

ஆறாம் படி: குறியீட்டில் எழுதிக் கேளுங்கள்

ஐரோப்பிய இ.என். 12756 தரத்தில் சீலின் பொருள்களை வரிசையாக எழுத்துகளால் குறிப்பார்கள். நாங்கள் இப்போது கேட்பது பி, க்யூ1, ஈ, ஜி, ஜி. சுழலும் முகம் ரெசின் ஊட்டிய கார்பன், நிலையான முகம் சின்டர்டு சிலிக்கான் கார்பைடு, ரப்பர் ஈ.பி.டி.எம்., ஸ்பிரிங்கும் மற்ற உலோகப் பாகங்களும் 316 வகை ஸ்டீல் என்று இதற்குப் பொருள். இதில் ஒரு பொறி உண்டு. 'வி' என்ற எழுத்து முதல் இரண்டு இடங்களில் வந்தால் செராமிக். மூன்றாம் இடத்தில் வந்தால் வைட்டான். ஃபோனில் சொல்லாமல் எழுதியே அனுப்புங்கள்.

பூட்டும்போது முகங்களில் விரல் படக் கூடாது. அவற்றுக்கு நடுவே நிற்கும் படலம் ஒரு மைக்ரான் அளவுக்கும் குறைவானது. வியர்வைக் கறையும் தூசியும் அங்கே மலைதான். கேட்லாகில் உள்ள ஸ்பிரிங் அழுத்த நீளத்தை ஸ்லீவின் மேல் மார்க்கர் பேனாவால் கோடிட்டுக்கொண்டு பூட்டினால் தவறு வராது.

பின்சேர்க்கை

இதை வாசித்துவிட்டு ஈ.பி.டி.எம்.முக்கு மாறிய ஒருவர், சீல் ஒரே வாரத்தில் ஒழுகியதாக எழுதியிருந்தார். ஓ-ரிங்கின் படத்தை வாங்கிப் பார்த்தால் உப்பிப் போய் ஸ்லீவோடு ஒட்டிக்கொண்டிருந்தது. எளிதாக ஏறட்டும் என்று பேரிங் கிரீஸைத் தடவிப் பூட்டியிருக்கிறார். நான் மேலே எண்ணெய் பகை என்று சொல்லிவிட்டு, பூட்டும்போது எதைத் தடவுவது என்று சொல்லாமல் விட்டது என் பிழை. சோப்புத் தண்ணீர் போதும், அல்லது கிளிசரின். சிலிக்கான் கிரீஸால் ரப்பருக்குக் கேடில்லை. ஆனால் அது குளியலில் கலந்தால் துணியில் சாயம் ஏறாத புள்ளிகள் விழும் என்பதால் சாயப்பட்டறைக்குள் அதை நான் விடுவதில்லை.

இன்னொருவர் இதே சீலை, துணியைச் சூட்டில் உலர்த்தும் ஸ்டென்டரின் தெர்மிக் ஃபுளூயிட் பம்புக்குப் போடலாமா என்று கேட்டிருந்தார். கூடாது. அங்கே ஓடுவது எண்ணெய், ஈ.பி.டி.எம். உடனே உப்பும். வைட்டானும் 200 டிகிரிக்கு மேல் தாங்காது என்பதால், அந்தப் பம்புக்கு கிராஃபைட் அடைப்புடன் கூடிய உலோக பெல்லோஸ் சீலைக் கேளுங்கள்.