நீலகிரியிலிருந்து மைசூர்: முதல்முறை இறங்குகிறவர்களுக்கு

வெயில் காலம் வந்தால் மைசூர் மன்னர்கள் ஊட்டிக்கு ஏறிவிடுவார்கள். ஃபெர்ன்ஹில் அரண்மனை அவர்களுடைய கோடை வாசஸ்தலம்தான். நம்மவர்கள் மைசூருக்கு இறங்குவதோ பெரும்பாலும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணப் பட்டு எடுக்கவும். ஊரைப் பார்க்கவென்றே போகிறவர்களும் விடியற்காலை கிளம்பி, மிருகக்காட்சி சாலை, அரண்மனை, பிருந்தாவன் என்று ஓடிவிட்டு அன்று இரவே வீடு திரும்பப் பார்க்கிறார்கள். அது வேண்டாம். ஓர் இரவு தங்குங்கள். காரணம் முதல் படியிலேயே இருக்கிறது.

படி 1: கிழமையைத் தீர்மானியுங்கள்

பந்திப்பூர், முதுமலைக் காட்டுச் சாலையை இரவு 9 மணிக்கு அடைத்தால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். அவசர ஊர்திகளுக்கும் அனுமதி பெற்ற சில அரசு பஸ்களுக்கும் மட்டும் விலக்கு. அரண்மனையில் விளக்கு போடுவது ஞாயிற்றுக்கிழமையும் அரசு விடுமுறை நாள்களிலும், மாலை 7 மணிவாக்கில். முக்கால் மணி நேரம் எரியும். அதைப் பார்த்து முடித்துக் கிளம்பினால், கேட் அடைப்பதற்குள் பந்திப்பூரைத் தாண்டுவது நடக்கிற காரியமில்லை. ஆகவே ஞாயிறு காலை இறங்கி, இரவு தங்கி, திங்கள் மாலை திரும்புவதுதான் சரியான கணக்கு. சின்னப் பிள்ளைகள் இருந்தால் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள்: மிருகக்காட்சி சாலைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை.

தசராவில் தினமும் விளக்கு உண்டுதான். ஆனால் அறை கிடைக்காது, கிடைத்தாலும் விலை எகிறும். முதல்முறைக்கு அந்த நெரிசல் வேண்டாம் என்பேன்.

படி 2: வழி

ஊட்டியிலிருந்து இரண்டு வழி. கல்லட்டி, மசினகுடி வழியாக ஏறக்குறைய 125 கிலோமீட்டர். 36 கொண்டை ஊசி வளைவுகள், இறக்கமும் செங்குத்து. கைதேர்ந்த உள்ளூர் டிரைவர் இல்லாவிட்டால் அந்தப் பக்கம் போக வேண்டாம். கூடலூர் வழி 30 கிலோமீட்டருக்கு மேல் சுற்று என்றாலும் நிம்மதி. பஸ்களும் அதில்தான் ஓடுகின்றன. இரண்டு வழியும் தெப்பக்காட்டில் சேர்ந்து பந்திப்பூர், குண்டல்பேட்டை, நஞ்சன்கூடு வழியாக மைசூர் போகும்.

தெப்பக்காடு தாண்டியதுமே ஸ்வெட்டர் பாரமாகிவிடும். ஒன்று போதும், பைக்குள் மடங்குகிற மாதிரி மெல்லியதாக எடுத்துக்கொள்ளுங்கள். சாக்ஸை மட்டும் கழற்றி எறிந்துவிடாதீர்கள், அதற்கு வேலை வருகிறது.

நஞ்சன்கூட்டில் கபினி கரையில் ஸ்ரீகண்டேஸ்வரர் கோயில் இருக்கிறது. பட்டத்து யானையின் கண் நோய் இங்கே வேண்டிக்கொண்டதால் தீர்ந்தது என்று திப்பு சுல்தான் பச்சை லிங்கம் ஒன்றைக் கொடுத்ததாகச் சொல்வார்கள். அரை மணி நேரம் ஒதுக்கினால் தரிசனமும் காப்பியும் ஆகிவிடும்.

படி 3: அறை

கே.எஸ்.ஆர்.டி.சி. வெளியூர் பஸ் நிலையத்துக்கும் அரண்மனைக்கும் நடுவில் எங்காவது எடுங்கள். எல்லாம் நடக்கிற தூரம். ஆட்டோக்காரர் யாராவது "அரண்மனை இப்போது மூடியிருக்கிறது, அதுவரை நல்ல பட்டுக்கடை காட்டுகிறேன்" என்றால் சிரித்துக்கொண்டே நடையைக் கட்டுங்கள். தமிழ் பலருக்கும் புரியும். கூட ஒரு படகர் நண்பர் இருந்தால் பேரம் பேசுகிற வேலை அவருடையது, அவர்கள் பேச்சு கன்னடத்துக்குப் பக்கம்.

படி 4: அரண்மனை

காலை 10 முதல் மாலை 5.30 வரை திறந்திருக்கும். ஞாயிறு மதியச் சாப்பாடு முடித்து 2 மணிக்கு நுழையுங்கள். செருப்பை வாசலிலேயே விட வேண்டும். வெயிலில் காய்ந்த கல்தரையில் நடக்கும்போது அந்த சாக்ஸின் அருமை தெரியும்.

இதற்கு முன் இங்கே இருந்தது மர அரண்மனை. 1897-ல் இளவரசி ஜெயலட்சம்மணியின் கல்யாணத்தின்போது தீப்பிடித்து எரிந்துபோனது. புதியதைக் கட்டும் வேலை ஹென்றி இர்வினிடம் போனது. சென்னை உயர் நீதிமன்றக் கட்டடத்தில் கைவைத்தவரும் அவர்தான். 1912-ல் வேலை முடிந்தது, செலவு அந்தக் காலத்து ரூபாயில் 41 லட்சத்துக்கு மேல். ஒருமுறை சுட்டதால் இந்தத் தடவை கல், செங்கல், வார்ப்பிரும்பு என்று தீக்கு அசராத பொருள்களாகப் பார்த்துப் போட்டார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள், தூண்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

கல்யாண மண்டபத்தில் அவசரப்படாதீர்கள். எட்டுப் பட்டை கூடம். தூண்கள் கிளாஸ்கோவில் வார்த்துக் கப்பலில் வந்தவை. அண்ணாந்து பார்த்தால் வண்ணக் கண்ணாடிக் கூரை முழுக்க மயில்கள், கீழே தரை டைல்ஸிலும் மயில் வேலைப்பாடு. சுற்றுச் சுவர் நெடுக தசரா ஊர்வலத்தை எண்ணெய் வண்ணத்தில் தீட்டியிருக்கிறார்கள். யானை, குதிரை, பேண்டு வாத்தியம், தலைப்பாகைக்காரர்கள் என்று வரிசையாகப் போகும். அவை கற்பனை முகங்கள் அல்ல, அந்தக் காலத்தில் நிஜமாக ஊர்வலத்தில் நடந்தவர்களின் முகங்கள். கூட்டம் உங்களைத் தள்ளும். தூண் ஓரமாக ஒதுங்கி நின்று, ஒரு சுவரை மட்டுமாவது முழுதாகப் பாருங்கள்.

மாடியில் பொது தர்பார் மண்டபமும், மன்னர் தனியாக முக்கியஸ்தர்களைச் சந்தித்த அம்பாவிலாஸும் இருக்கின்றன. அம்பாவிலாஸின் ஈட்டிமரக் கதவுகளில் தந்தம் பதித்திருப்பதைத் தவறவிடாதீர்கள். தங்க அம்பாரியும் அரண்மனையில்தான் இருக்கிறது. எடை சுமார் 750 கிலோ. விஜயதசமி அன்று சாமுண்டேஸ்வரியை அதில் வைத்துத்தான் யானை சுமந்து போகும். முன்பு அதில் அமர்ந்தவர் மன்னர்.

5.30-க்கு வெளியே வந்து ஏதாவது கொறித்துவிட்டு, 6.45-க்கெல்லாம் திரும்ப வளாகத்துக்குள் நில்லுங்கள். கட்டடத்தை ஒட்டி நிற்காதீர்கள், முழு முகப்பும் கண்ணில் அடங்குகிற தூரம் வேண்டும். ஒரு லட்சத்துக்குச் சற்றுக் குறைவான பல்புகள், எல்லாம் ஒரே நொடியில் எரியும். போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அந்த நொடியைக் கோட்டை விடாதீர்கள். படம் அப்புறம் எடுக்கலாம், விளக்கு எங்கும் ஓடிவிடாது.

படி 5: திங்கள் காலை சாமுண்டி மலை

மலைக்காரர்களுக்கு இது ஒரு மேடுதான், ஆயிரம் மீட்டரைக் கொஞ்சம் தாண்டும். டவுன் பஸ்ஸில் மேலே போங்கள், அம்மனைக் கும்பிடுங்கள், இறங்கும்போது படியில் வாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் படிகள் என்பார்கள். மேலிருந்து முந்நூறு படி போல இறங்கினால் ஒரே பாறையில் செதுக்கிய நந்தி. 17-ம் நூற்றாண்டில் தொட்ட தேவராஜ உடையார் காலத்தது, உயரம் ஏறக்குறைய 5 மீட்டர். எண்ணெய் ஊறிக் கறுத்த உடம்பில் மணிமாலையின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும். பெரியவர்களுக்கு முட்டி வலி என்றால் நந்திவரை வண்டியும் வரும்.

படி 6: சந்தையும் கடையும்

10 மணிக்குள் தேவராஜா மார்க்கெட். குங்குமமும் மஞ்சளும் கூம்பு கூம்பாகக் குவித்திருப்பார்கள். மைசூர் மல்லிகை, மைசூர் வெற்றிலை, நஞ்சன்கூடு ரசபாளை வாழை மூன்றுக்கும் புவிசார் குறியீடு உண்டு. நம் குளிரில் மல்லிகை பூக்காது என்பதால் வீட்டுப் பெண்கள் முழம் முழமாக வாங்கிக்கொண்டு வருவார்கள், தடுக்காதீர்கள்.

பக்கத்திலேயே சயாஜி ராவ் ரோட்டில் குரு ஸ்வீட் மார்ட். அரண்மனைச் சமையல்காரர் காகாசுர மாதப்பா மைசூர்பாகைச் செய்து காட்டியதாகச் சொல்கிறார்கள், அவர் வம்சத்தார் நடத்தும் கடை இது. பட்டுக்கு அரசு நிறுவனமான கே.எஸ்.ஐ.சி. கடைக்கே போங்கள். நெசவாலை 1912-ல் மன்னர் காலத்தில் தொடங்கியது.

நேரம் மிச்சமிருந்தால் ஸ்ரீரங்கப்பட்டணம், 15 கிலோமீட்டர் போல. பிருந்தாவனத்தின் நீரூற்றுகளைவிட இதையே சொல்வேன். 1799 மே 4 அன்று திப்பு போரில் வீழ்ந்தது இந்தக் கோட்டையில்தான். அதற்குப் பிறகுதான் ஆங்கிலேயர் ஐந்து வயதுகூட நிரம்பாத பையனை, மூன்றாம் கிருஷ்ணராஜ உடையாரை, மைசூர் அரியணையில் உட்கார வைத்தார்கள்.

படி 7: திரும்புதல்

மாலை 4 மணிக்குக் கிளம்பிவிடுங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்துவதோ குரங்குக்கும் மானுக்கும் எதையாவது போடுவதோ கூடாது, அபராதம் உண்டு. மைசூரில் வாங்கிய பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைக் குண்டல்பேட்டையிலேயே ஒழித்துக்கட்டுங்கள், நீலகிரி எல்லைச் சோதனைச் சாவடியில் பிடுங்கிக்கொள்வார்கள். டி.என். 43 என்ற நீலகிரிப் பதிவு வண்டிக்கு, மாவட்டத்துக்குள் நுழைவதற்கான இ-பாஸ் தேவையில்லை. வெளி மாவட்டப் பதிவு வண்டியில் போயிருந்தால், அறையை விட்டுக் கிளம்பும் முன்பே போனில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குள் சிக்னலை நம்ப முடியாது.