இயற்கை அரிசி வாங்கப் போகிறீர்களா? மடையைக் கேளுங்கள்

பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலி டவுனிலும் இயற்கை அங்காடிகள் பெருகிவிட்டன. பாக்கெட்டில் ஒரு பச்சை இலையை வரைந்துவிட்டால் போதும், விலை ஏறிவிடுகிறது. உண்மையான இயற்கை விளைச்சல் எது, வெறும் படம் எது என்று பிரித்தறிய நான் பழகிக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். அரிசியை வைத்தே சொல்கிறேன். நம் வீடுகளில் அதிகம் செலவாவது அதுதானே.

முதலில் ஒன்றைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். இயற்கை விளைபொருளில் பூச்சிமருந்து எச்சம் குறைவு. 2012-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தபோது அதைத்தான் கண்டார்கள். சத்து அதிகம் என்பதற்கு அவர்களுக்கு வலுவான ஆதாரம் கிடைக்கவில்லை. எனக்கு முதல் காரணமே போதும். மருந்து தெளிப்பவர் மூச்சில் அது ஏறாது, மண்ணில் மண்புழு நிற்கும், தாமிரபரணிக்கு வடியும் தண்ணீரும் கொஞ்சம் பிழைக்கும். "இதைச் சாப்பிட்டால் சுகர் ஓடிப்போகும்" என்று சொல்லி விற்பவரிடம் மட்டும் வாங்காதீர்கள்.

1. மூன்றையும் குழப்பாதீர்கள்

பாரம்பரிய ரகம் வேறு, பட்டை தீட்டாதது வேறு, இயற்கையில் விளைந்தது வேறு. யூரியா போட்டும் மாப்பிள்ளைச் சம்பா விளைவிக்கலாம். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16 என்ற ரகத்தை ரசாயனமே இல்லாமலும் விளைவிக்கலாம். கடைக்காரர் ரகத்தின் பெயரைச் சொன்னால், "சரி, உரம் என்ன போட்டது?" என்று அடுத்த கேள்வியைப் போடுங்கள்.

2. அறுவடையை ஒட்டி வாங்குங்கள்

பிசானம் என்கிற நம் பக்கத்து நெல் பருவத்தின் அறுவடை மாசி, பங்குனியில் முடியும். அப்போது விவசாயியிடமே நேரடியாக வாங்குவது நல்லது. காய்கறிக்கு என்றால் மகாராஜநகர் உழவர் சந்தைக்கு விடியற்காலையிலேயே போய்விடுங்கள். அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைச்சல் அல்ல. ஆனால் விளைவித்தவரையே கேட்கலாம்.

3. முத்திரை

பாக்கெட்டில் வாங்கினால் இயற்கை உணவுக்கான அரசு முத்திரை ('ஜைவிக் பாரத்' போன்றது) இருக்கிறதா பாருங்கள். கூடவே என்.பி.ஓ.பி. அல்லது பி.ஜி.எஸ். சான்று இருக்க வேண்டும். என்.பி.ஓ.பி. என்பது இயற்கை விளைச்சலுக்கு மத்திய அரசு வகுத்த சான்றுத் திட்டம். பி.ஜி.எஸ். என்பது விவசாயிகள் குறைந்தது 5 பேர் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை ஒருவர் சோதிக்கும் முறை. அதில் 'கிரீன்' என்று போட்டிருந்தால், அந்த நிலம் ரசாயனத்திலிருந்து இயற்கைக்கு இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

முத்திரை இல்லை என்பதாலேயே ஒரு விவசாயியைச் சந்தேகப்படாதீர்கள். 2017-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும் சிறு விவசாயி நேரடியாக விற்கச் சான்று தேவையில்லை. அப்படிப்பட்டவரிடம் அடுத்த படிதான் உங்களுக்குச் சான்று.

4. மடையைக் கேளுங்கள்

மடை என்றால் வயலுக்குள் தண்ணீரைத் திறந்துவிடும், அடைக்கும் வாய். எனக்கு நெடுநாள் பிடிபடாமல் இருந்த இடம் இது. "மருந்து அடிப்பீங்களா?" என்று கேட்டால் யாரும் "ஆமா" என்று சொல்லப்போவதில்லை. நம் பக்கத்து நஞ்சை வாய்க்கால் பாசனம். கன்னடியன் கால்வாய், கோடகன் கால்வாய், பாளையங்கால்வாய் எதுவானாலும், பல இடங்களில் தண்ணீர் ஒரு வயலில் பாய்ந்து அடுத்த வயலுக்கு இறங்கும். மேல்வயல்காரர் போட்ட யூரியாவும் அடித்த மருந்தும் அதோடு சேர்ந்தே வரும். அதனால் நான் இப்படித்தான் கேட்பேன்: "அண்ணாச்சி, ஒங்க வயலுக்குத் தண்ணி எங்கிருந்து வருது? மேல இருக்கவரு மருந்து அடிச்சா என்ன செய்வீங்க?"

சேரன்மகாதேவிப் பக்கம் ஒரு பெரியவர் சொன்ன பதில்: "அவருகிட்ட வேண்டாம்னு சொல்ல முடியுமா? வரப்ப ஒசத்திப் போட்டிருக்கேன். அவரு மருந்து அடிக்கிற அன்னிக்கி எம் மடைய அடைச்சிருவேன். ஓரத்துல ரெண்டு வரிசை நெல்லத் தனியா அறுத்து வித்துருவேன், ஒங்களுக்குத் தர மாட்டேன்."

சங்கடத்தையும் சேர்த்துச் சொல்பவரை நம்பலாம். "நம்ம வயல்ல பூச்சியே வராது" என்பவரிடம் நான் கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுவேன். இலைச்சுருட்டுப் புழு வராத நெல் வயல் உண்டா? வந்தபோது வேப்பங்கொட்டைக் கரைசல் தெளித்தேன், நடவுக்கு முன் தழை உரத்துக்காகத் தக்கைப்பூண்டு மடக்கி உழுதேன் என்று வேலையாகப் பேச்சு வர வேண்டும். கடைசி ரசாயன உரம் எந்த வருஷம் என்றும் கேளுங்கள். நெல் போன்ற பயிருக்கு நிலம் மாற 2 வருஷம் என்பது என்.பி.ஓ.பி. கணக்கு.

 

5. வீட்டில் வைப்பது

கொஞ்சமாக வாங்குங்கள். தீட்டாத அரிசியில் தவிட்டு எண்ணெய் இருப்பதால் சீக்கிரம் சிக்கு வாடை வரும். வண்டும் வரும். நான் பிளாஸ்டிக் டப்பாவை விட மூடி இறுக்கமான எவர்சில்வர் தூக்கைத்தான் நம்புகிறேன். உள்ளே வசம்பு இரண்டு துண்டு, காய்ந்த மிளகாய் நாலு. வண்டு வந்துவிட்டால் வெயிலில் போடாதீர்கள், அரிசி நொறுங்கும். நிழலில் பரப்பிப் புடைத்து எடுங்கள்.

கருப்பட்டிக்கு இந்தக் கேள்விகள் எதுவும் வேண்டாம். பனைக்கு யார் மருந்து அடிக்கிறார்கள்? சீனி கலந்திருக்கிறதா என்பதுதான் அங்கே கவலை.

பின்சேர்க்கை: மானூர், சங்கரன்கோவில் பக்கத்து வாசகர்கள், "எங்களுக்கு ஏது மடை?" என்று கேட்டிருந்தார்கள். நியாயம்தான். மானாவாரி உளுந்து, பாசிப்பயறு என்றால் களைக்கொல்லி அடித்ததா என்று கேளுங்கள். அதைவிட முக்கியம், அறுத்த பிறகு எங்கே வைத்திருந்தார்கள் என்பது. விளைந்த காட்டில் மருந்தே படாத பயறுக்கும் குடோனில் வண்டு வராமல் இருக்க ரசாயன மாத்திரை வைத்துப் புகைமூட்டம் போடுவார்கள். மாத்திரைக்குப் பதில் செம்மண் பூசிக் காயவைத்த பயறு என்றால் கொஞ்சம் மண்வாடையோடுதான் இருக்கும், கழுவ இரண்டு தண்ணீர் கூடுதலாகப் பிடிக்கும்.