வார்டிலிருந்து டெல்லிக்கு: புது எம்.பி.க்கள் சறுக்கும் இடங்கள்

தொகுதிப் பக்கம் தலைகாட்டாதது, போனை எடுக்காதது போன்றவற்றை எதிர்க்கட்சியே சொல்லிக்காட்டிவிடும். கவுன்சிலர் பழக்கம் விடாததால் எம்.பி. ஆன பிறகு செய்யும் தவறுகள் மட்டும் இங்கே.

மேடையிலேயே ‘ஒதுக்கியாச்சு’ என்பது

எத்தனை பேர் பட்டாலும் திருந்தாத தவறு இது. நன்றி அறிவிப்புக் கூட்டத்தில் ஒருவர் சமுதாயக்கூடம் கேட்பார். “இருபது லட்சம் ஒதுக்கியாச்சு!” என்று சொல்லிக் கைதட்டல் வாங்கிவிடுவார் புது எம்.பி. ஒதுக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. தொகுதி மேம்பாட்டு நிதியில் அவர் பரிந்துரைக்கலாம், அவ்வளவுதான். ஆராய்ந்து அனுமதி தருவது மாவட்ட நிர்வாகம்.

பெரும்பாலும் இடத்தில்தான் இடிக்கும். ஊரார் காட்டும் காலிமனை கோயில் பெயரில் இருக்கும். மத அமைப்புக்குச் சொந்தமான நிலத்தில் இந்த நிதியைச் செலவிட முடியாது. வேறு நிலம் வாங்கவும் இதில் வழியில்லை. கோப்பு திரும்பி வருவதற்குள் அடிக்கல்லே நட்டிருப்பார்கள்! வாக்குக் கொடுக்குமுன் சர்வே எண்ணைக் கேளுங்கள். நிலம் யார் பெயரில் இருக்கிறதென்று வி.ஏ.ஓ.விடம் பாருங்கள். பொறியாளரிடம் எஸ்டிமேட் வாங்குங்கள். பரிந்துரைக் கடிதம் அதற்குப் பிறகுதான்.

கணக்கும் கையைக் கடிக்கும். ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். அதில் 15 சதவீதம், அதாவது 75 லட்சம், பட்டியல் சாதியினர் வாழும் பகுதிகளுக்கு, 7.5 சதவீதம், 37.5 லட்சம், பழங்குடியினர் பகுதிகளுக்கு. மீதியை ஆறு சட்டமன்றத் தொகுதிக்குப் பிரித்தால் தலா 65 லட்சம்கூடத் தேறாது. மூன்று கூடம் சொன்னால் ஒரு தொகுதியின் ஆண்டுப் பங்கு காலி.

சாக்கடையை மக்களவைக்குக் கொண்டுபோவது

உள்ளாட்சியும் குடிநீரும் மாநிலப் பட்டியலில் இருப்பவை. “எங்கள் வார்டுக்குப் பாதாளச் சாக்கடை எப்போது?” என்று எழுதிக்கொடுத்தால் கேள்வி அனுமதிக்கப்படாது. நகரங்களின் குடிநீர், கழிவுநீர்ப் பணிகளுக்கான மத்திய அரசுத் திட்டம் அம்ருத். “அம்ருத் திட்டத்தில் இந்த நகராட்சிக்கு ஒப்புதலான பணிகள் எவை, விடுவித்த தொகை எவ்வளவு?” என்று மத்திய நகர்ப்புற அமைச்சகத்தைக் கேளுங்கள். பதில் வர வேண்டிய நாளுக்கு முழுதாக 15 நாள் முன்பே கேள்வியைக் கொடுத்துவிட வேண்டும். எழுத்துப்பூர்வ பதிலே போதும். அதை வைத்துக்கொண்டு நகராட்சி ஆணையரிடம் பேசினால் பேச்சே வேறு.

தேர்தல் கணக்கை நோட்டில் எழுதிவைப்பது

தமிழகத்தில் மக்களவை வேட்பாளருக்கான தேர்தல் செலவு வரம்பு 95 லட்சம். தனி வங்கிக் கணக்கு கட்டாயம். முடிவு வந்த 30 நாளுக்குள் கணக்கைத் தாக்கல் செய்யாவிட்டால் 3 ஆண்டுத் தகுதிநீக்கம் வரை போகும். ஜெயித்த கொண்டாட்டத்தில் மறப்பது இதைத்தான்.

கொறடா உத்தரவு

அவைக்கு வந்து கட்சி சொன்னபடி வாக்களிக்க வேண்டும் என்பதே இந்த உத்தரவு. வாக்கெடுப்பு நாளில் ஊரில் கல்யாண வீடு வேண்டாம்.