அழுத்திப் பதித்தால் அழகு என்ற எண்ணமும் வேறு சில தவறுகளும்: ஈய எழுத்து அச்சுக்குப் புதியவர்களுக்கு

சென்ற சித்திரையில் பரந்தன் பக்கத்தில் ஓர் இளைஞர் புதிதாகத் தொடங்கியிருந்த சிறிய அச்சகத்துக்குப் போயிருந்தேன். பழைய கால்மிதி இயந்திரம் ஒன்றைத் துரு நீக்கி, எண்ணெய் இட்டு, உருளைகளுக்குப் புதிதாக இறப்பர் வார்ப்பித்து, ஓடும் நிலைக்குக் கொண்டுவந்திருந்தார். தாம் அடித்த முதலாவது திருமண அழைப்பிதழைப் பெருமையோடு என் கையில் தந்தார். நான் முன்பக்கத்தை வாசிக்காமல் மட்டையைத் திருப்பிப் பின்பக்கத்தை விரலால் தடவினேன். அச்சுக்கோத்தவனுக்கு இடம்வலம் மாறிய எழுத்தை வாசிக்கும் பழக்கம் உண்டு என்பதால், மணமகளின் பெயரைக் கண்ணை மூடிக்கொண்டே வாசிக்க முடிந்தது. "பதிவு எப்படி அண்ணை?" என்று கேட்டார். எழுத்துப் பூட்டிய இரும்புச் சட்டத்தைக் காட்டும்படி சொன்னேன். அதில் 11 மெய்யெழுத்துகள் புள்ளியை இழந்து அகரமேறிய எழுத்துகளாக நின்றன.

அவரிடம் கோபப்பட எனக்கு உரிமை இல்லை. இருபது வருடங்களுக்கு முன்னர் இதே தவறை இதைவிடப் பெரிய அளவில் செய்தவன் நான். ஆயினும் புதிதாகத் தொடங்கும் ஒவ்வொருவரும் இதையே செய்வதைக் காணும்போது எரிச்சல் வரத்தான் செய்கிறது. எழுத்துப் பிழை, தலைகீழ் எழுத்து, கோணல் வரி ஆகியவற்றைப் பற்றி இங்கே எழுதவில்லை. அவை முதற் படியை எடுத்தவுடனேயே கண்ணில் பட்டுவிடும். படாமல் இருந்து பொருளைத் தின்பவற்றையே எழுதுகிறேன்.

அளவுக்கு மீறி அழுத்துதல்

இணையத்தில் வெளிநாட்டு அழைப்பிதழ்களின் படங்களைப் பார்த்துவிட்டுத்தான் இப்போது பலரும் இந்தத் தொழிலுக்கு வருகிறார்கள். தடித்த வெள்ளை மட்டையில் எழுத்து ஆழமாகக் குழிந்து நிற்கும்; பக்கவாட்டு வெளிச்சத்தில் நிழல் விழும். அந்த ஆழத்தைப் பார்த்து, அதுவே ஈய எழுத்து அச்சின் இலட்சணம் என்று நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்குக் கற்பித்தவர்களோ அதற்கு நேர்மாறாகச் சொன்னார்கள்: எழுத்து தாளைத் தொட்டு மையை விட்டுவிட்டு வர வேண்டும், பின்பக்கத்தைத் தடவினால் ஒன்றும் தெரியக் கூடாது. இறந்தவர் நினைவாக 31 ஆம் நாளுக்கு அடிக்கும் கல்வெட்டு என்ற சிறு நூலோ, கோயில் அறிவித்தலான விஞ்ஞாபனமோ இரண்டு பக்கமும் அச்சேற வேண்டியவை என்பதால், ஒரு பக்கத்துக் குழி மறுபக்கத்து வரியைக் கெடுத்துவிடும் என்ற எளிய காரணமும் அதில் இருந்தது.

படத்தில் காணும் அந்த ஆழம் ஈய எழுத்தால் வருவது மிகக் குறைவு. பெரும்பாலும் பொலிமர் தகட்டால் அடிக்கப்பட்டது. புற ஊதா ஒளி பட்ட இடம் இறுகி நிற்க, படாத இடம் தண்ணீரில் கழுவுண்டு போக, எழுத்து மேடாக நிற்கும் தகடு அது. வேலை முடிந்ததும் எறிந்துவிடலாம். மட்டையும் வேறு. பருத்தி நாரில் செய்த, பூச்சு எதுவும் இல்லாத, மெத்தென்ற மட்டை. சதுர மீற்றருக்கு 300 முதல் 600 கிராம் வரை இருக்கும். நமது கடைகளில் கிடைக்கும் ஆர்ட் மட்டையோ வெண்களி பூசி, உருளைகளுக்கிடையே அழுத்தி இறுக்கப்பட்டது. அது குழிய மறுக்கும். மறுக்கின்ற மட்டையில் குழி விழுத்த முயன்றால் அந்த விசை முழுவதும் எழுத்தின் முகத்துக்கே திரும்பும்.

எழுத்து உலோகம் ஈயமும் அந்திமனியும் வெள்ளீயமும் கலந்தது. அந்திமனி கடினத்தைத் தருகிறது. கூடவே நொறுங்கும் தன்மையையும் தருகிறது. உரோம எழுத்தைவிடத் தமிழ் எழுத்துக்கு இதில் ஆபத்து அதிகம். விசை ஒன்றாக இருக்கும்போது பரப்புக் குறைந்த இடத்தில் அழுத்தம் கூடும் என்பது பாடசாலையில் படித்ததுதான். ஒரு வரியில் ஆகச் சிறிய பரப்புள்ள உறுப்பு மெய்யின் புள்ளி. அடுத்தது இகர ஈகாரக் கொம்புகளின் நுனி. அளவுக்கு மீறி அழுத்தும்போது முதலில் புள்ளி மட்டையைத் துளைக்கும், பிறகு தட்டையாகும், பிறகு உதிரும். தமிழில் ம், ன், ர், ல், க் இல்லாத வரி ஏது?

நான் செய்த கூத்து 2003 இல் நடந்தது. போரால் மூடிக்கிடந்த ஏ9 வீதி திறந்து ஒரு வருடம் கழிந்திருந்தது. கிளிநொச்சிக்கு நல்ல மட்டை வரத் தொடங்கியிருந்தது. அதற்கு முந்தைய காலத்தில் கொப்பி ஒற்றையின் நீலக் கோடுகளுக்கு மேலேயே அச்சடித்த எங்களுக்கு, அந்த மட்டையைத் தொடுவதே விழாவாக இருந்தது. நான் தொழில் பயின்ற அச்சகத்தில் பெரியவர் இல்லாத ஒரு பிற்பகலில் 350 அழைப்பிதழ்களை அடிக்க வேண்டியிருந்தது. முதற் படியில் சில எழுத்துகள் மங்கலாக விழுந்தன. தாளுக்குப் பின்னால் இருக்கும் மெத்தையில் ஒரு பத்திரிகைத் தாளை மடித்துச் செருகினேன். மங்கல் குறைந்தது, ஆனால் உயரமாக நின்ற எழுத்துகள் தடித்தன. அவற்றின் முகம் நசுங்க நசுங்க வேறு இடங்கள் மங்கின. இன்னொரு தாள் செருகினேன். இப்படி நான்கு தாள். 350 ஐயும் அடித்து முடித்து, பார்ப்பதற்கு எவ்வளவு கம்பீரமாக இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

மூன்றாம் நாள் ஒரு கல்வெட்டு வந்தது. 32 பக்கம், 31 ஆம் நாளுக்குக் கட்டாயம் கொடுக்க வேண்டும், அதே 12 பொயின்ட் எழுத்து. நான்கு நான்கு பக்கமாகக் கோத்து எட்டுத் தடவையில் முடிக்கும் வேலை. இரண்டாம் பக்கத்திலேயே ம் முடிந்துவிட்டது. பெட்டியின் அறையில் கிடந்தவற்றில் பாதி மொட்டையாகக் கிடந்தன. பெரியவர் ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு சொன்னார்: "தம்பி, நீர் அச்சடிக்கேல்ல, எழுத்தைக் கொல்லுறீர்." நான்கு பக்கத்துக்கு எழுத்துப் போதாததால் இரண்டிரண்டு பக்கமாகக் கோத்து, அடித்து, பிரித்து, மறுபடி கோக்க வேண்டியதாயிற்று. எட்டு, பதினாறானது. மின்சாரம் இல்லாத இரவுகளில் அந்த மிதியை மிதித்த வலி இன்னமும் என் முழங்காலில் இருக்கிறது.

அப்போதாவது யாழ்ப்பாணத்தில் கேட்டுப் பார்க்க ஓரிரு அச்சகங்கள் இருந்தன. இன்று ஒரு ம் தேவை என்றால் எங்கே போவது? போருக்குப் பிறகு எழுத்துப் பெட்டிகள் கிலோக் கணக்கில் பழைய இரும்புக்காரரிடம் போனதையும், மீன் வலைக்கு ஈயக்குண்டாக உருக்கப்பட்டதையும் கண்ணால் கண்டிருக்கிறேன். எஞ்சியிருப்பதை உங்கள் கையில் தந்தவர் அதற்குக் கொடுத்த விலை வேறு.

மங்கலாக விழும் எழுத்துக்கு மருந்து பெரும்பாலும் அழுத்தம் அன்று. முதலில் மை போதுமா என்று பாருங்கள். அடுத்து உருளை எழுத்தின் முகத்தை ஒரே அளவாகத் தொடுகிறதா என்று பாருங்கள். உருளை ஓடும் தண்டவாளம் தேய்ந்திருந்தால் ஒட்டுநாடா ஒட்டி உருளையை உயர்த்திச் சரிசெய்யலாம். அதற்கடுத்து எழுத்தின் அடியில் காய்ந்த மையோ மணலோ இருக்கிறதா என்று பார்த்து, எழுத்துகளை ஒரே மட்டமாக்கும் சமன்கட்டையை அவற்றின் மேல் வைத்து மெல்லத் தட்டுங்கள். எழுத்தின் உயரம் 0.918 அங்குலம், அதாவது ஏறத்தாழ 23.3 மில்லிமீற்றர்; சாதாரண 80 கிராம் தாளின் கனம் 0.1 மில்லிமீற்றர் அளவுதான். நான் மடித்து மடித்துச் செருகிய நான்கு தாள்கள் என்ன செய்திருக்கும் என்பதை இதிலிருந்து கணக்கிடலாம். இவ்வளவும் பார்த்த பிறகும் ஓரிடம் மங்கலாக இருந்தால், அந்த இடத்துக்கு நேரே மட்டும் மெத்தையில் மெல்லிய திசுத்தாள் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். மெத்தை மெலிதாகவும் கடினமாகவும் இருக்க வேண்டும். பத்திரிகைத் தாள் போன்ற மென்மையான மெத்தையில் தாள் எழுத்தின் விளிம்பைச் சுற்றி வளைந்து, விளிம்பை உருட்டிவிடும்.

வாடிக்கையாளர் ஆழம்தான் வேண்டும் என்றால் பொலிமர் தகடு செய்விக்கச் சொல்லி, அதற்குரிய விலையையும் சொல்லுங்கள். அதிலும் எழுத்துருவைப் பார்த்துத் தெரிவுசெய்ய வேண்டும். தனித்து நிற்கும் மிகச் சிறிய புள்ளி தகட்டைக் கழுவும்போதே போய்விடும், கோடுகள் 0.25 பொயின்டுக்குக் குறையக் கூடாது. திரையில் நளினமாகத் தெரியும் மெல்லிய எழுத்துருக்கள் இங்கே உதவா. தகடுகளைக் காற்றுப் புகாத பொலித்தீன் உறையில் வையுங்கள். சோளகக் காற்றுக் காலத்தில் வெளியே வைத்த தகடு உலர்ந்து, சுருண்டு, வெடிக்கும்.

இயந்திரத்தைப் பற்றியும் ஒரு சொல். அதன் உடல் வார்ப்பிரும்பு. வார்ப்பிரும்பு வளைந்து எச்சரிக்காது. ஒரேயடியாக வெடிக்கும், ஒட்டவைக்கும் ஆளையும் எளிதில் கண்டுபிடிக்க முடியாது.

தாளின் இழையோட்டத்தைப் பாராமல் வெட்டுதல்

ஆலையில் தாள் உருவாகும்போது நார்கள் பெரும்பாலும் இயந்திரப் பட்டை ஓடும் திசையிலேயே படிந்துவிடுகின்றன; அந்தத் திசையே இழையோட்டம். ஈரம் பட்டால் நார் நீளத்தில் அதிகம் மாறாது, அகலத்தில் பருக்கும். இந்த ஒரு குணத்திலிருந்துதான் மட்டை வளைவதும், மடிப்பு வெடிப்பதும், ஒட்டிய அட்டை கோணுவதும் வருகின்றன. இழையோட்டத்துக்கு இணையாக மடித்தால் மடிப்பு வழுவழுப்பாக வரும். குறுக்கே மடித்தால் நார்கள் முறிந்து, கடும் சிவப்பு மட்டையில் வெள்ளைக் கீறலாகப் பல்லிளிக்கும்.

மட்டையிலிருந்து ஒரு சிறு சதுரத்தை வெட்டி, மட்டையில் அதன் எந்தப் பக்கம் எங்கே இருந்தது என்று அடையாளம் இட்டு, ஒரு முகத்தை நனையுங்கள். அது குழலாகச் சுருளும். குழலின் நீளவாட்டம் எதுவோ அதுவே இழையோட்டம். அரை நிமிட வேலை. இதைச் செய்யாமல், கடையில் மட்டையை மிச்சம் பிடித்து வெட்டித் தந்த படியே கொண்டுவந்து அடுக்கிவிடுகிறார்கள். பெரிய தாளில் எட்டுத் துண்டு எடுக்கலாம் என்ற கணக்கில் கடைக்காரர் இரண்டு துண்டுகளைக் குறுக்கே திருப்பி வெட்டியிருப்பார். அப்போது ஒரே கட்டில் காற்பங்கு அழைப்பிதழ் வெடிக்கும், மற்றவை வெடிக்காது. காரணம் தெரியாமல் மையையும் மட்டைக் கம்பனியையும் திட்டிக்கொண்டிருப்பார்கள். பெரிய தாளாக வாங்கி நீங்களே வெட்டுங்கள், அல்லது வெட்டும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

மடிப்புக் கோட்டை மறுபுறமாக மடித்தல்

கோடு அழுத்தியதும் ஒரு பக்கம் பள்ளமும் மறுபக்கம் வரம்பும் உண்டாகும். வரம்பு மடிப்பின் உள்ளே போக வேண்டும்.

மாரியில் அவசரப்படுதல்

எண்ணெய் மை காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்துதான் இறுகுகிறது. ஈரப்பதன் கூடினால் அது தாமதமாகும். ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்கியபின், வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல் காலத்து வெயிலில் காய்ந்த வேகத்தில் காயும் என்று எதிர்பார்த்து நாள் கொடுக்காதீர்கள். அடித்தவற்றைச் சிறு அடுக்குகளாகப் பிரித்து வையுங்கள். உயர அடுக்கினால் கீழே இருப்பவற்றின் மை மேலிருப்பவற்றின் முதுகில் ஒட்டும். இறப்பர் மை என்று விற்கப்படுவது தாளுக்குள் உறிஞ்சப்பட்டே உலர்வது. பூச்சுள்ள ஆர்ட் மட்டையில் அது எத்தனை நாளானாலும் கையில் வரும். அழைப்பிதழைக் கொண்டுபோகிறவர்கள் அன்றைக்கே சுவாமி அறையில் வைத்து நான்கு மூலையிலும் மஞ்சள் குழைத்துத் தடவுவார்கள் என்பதையும் நினைவில் வையுங்கள். காயாத மை மஞ்சளோடு கலந்தால் பச்சையாகத் தெரியும். அந்தப் பேச்சு உங்களுக்குத்தான்.

மட்டையையும் அடிப்பதற்கு முதல் நாளே கட்டுப் பிரித்து, அடிக்கப்போகும் அறையிலேயே விடுங்கள். மழையில் வந்த கட்டை உடனே உடைத்து ஓட்டினால் இரண்டாவது நிறம் முதல் நிறத்தோடு பொருந்தாது.

மை காயாமல் தங்கத்தாள் பதித்தல்

தங்கம் எழுத்திலும் ஒட்டும், மையிலும் ஒட்டும். தங்கத்தை முதலில் பதியுங்கள்.

பழைய லையும் புதிய லையும்

தமிழக அரசு 1978 இல் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்கும் வரை ணை, லை, ளை, னை யானைத் துதிக்கை போல வளைந்த துதிக்கைக் கொம்போடும், ணா, றா, னா வளைந்த காலோடும் ஒற்றை எழுத்தாக வார்க்கப்பட்டன. 1849 இல் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையில் அச்சுக்கூடம் நிறுவியபோது இருந்ததும் அந்த வடிவந்தான். இங்கே மிஞ்சிய பெட்டிகளில் இரண்டும் கலந்து கிடக்கும். ஒரே அழைப்பிதழில் "மாலை" துதிக்கையோடும் "வேளை" துதிக்கை இல்லாமலும் வந்தால், வாசிப்பவருக்கு எது என்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ இடறும். எந்த வடிவம் போதிய எண்ணிக்கையில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுக் கோக்கத் தொடங்குங்கள்.

கை கழுவாமல் சாப்பிடுதல்

ஈயம். சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

பிரித்துப் போடாமல் விடுதல்

அடித்து முடிந்த அன்றே எழுத்தைக் கழுவி, காயவிட்டு, பிரித்து அந்தந்த அறைக்குள் போட வேண்டும். "அடுத்த கிழமை இதே போல ஒரு வேலை வரும்" என்று பூட்டிய சட்டத்தோடு சுவரில் சாத்திவைத்தால் மை காய்ந்து எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு கத்தி முனையால் நெம்புவார்கள், கொம்பு முறியும். பிரிக்கும்போது ஒவ்வோர் எழுத்தின் முகத்தையும் ஒரு கணம் பாருங்கள். சேதமானவற்றை நல்லவற்றோடு கலக்காமல் வேறாக ஒரு தகரப் பேணியில் போடுங்கள். பரந்தன் இளைஞரிடம் நான் விட்டுவந்த வேலை அதுதான். சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்திருந்தார். பெட்டி முழுவதையும் கொட்டி எண்ணிவிட்டாராம்: 12 பொயின்டில் புள்ளி உள்ள ம் 64, புள்ளி போனது 29.