மோல்மேன் வீடுகளில் தண்ணீரைச் சோதிப்பது எப்படி

மோட்டார், தொட்டி, வாட்டர் ஹீட்டர் பழுதுபார்ப்பது என் தொழில். மியன்மாரின் மோல்மேனில் நம்மவர் வீட்டுக்குப் போனால் மோட்டாரைக் காட்டுவதற்கு முன்பே கேட்டுவிடுகிறார்கள்: "அண்ணே, எங்கள் தண்ணீர் நல்ல தண்ணீர்தானா?" அதற்கு ஒரே வார்த்தையில் பதில் சொல்ல முடியாது. தண்ணீர் கடினமா, மென்மையா, அதாவது அதில் கால்சியம் போன்ற தாது அதிகமா குறைவா என்பது ஒரு கேள்வி. அதைக் குடிக்கலாமா என்பது வேறு கேள்வி. பருப்பு வேகாத கடின நீர் உடம்புக்குத் தீங்கில்லாததாக இருக்கலாம். சோப்பு நன்றாக நுரைக்கும் மென்னீரில் வயிற்றுப்போக்குக் கிருமி இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

அதற்கும் முன்னால், எந்தத் தண்ணீரைச் சோதிக்கிறீர்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள். இங்கே பல வீடுகளில் ஒரே மாடித் தொட்டிதான். குழாயில் தண்ணீர் வந்தால் அதை ஏற்றுகிறோம், வராவிட்டால் கிணற்று மோட்டாரைப் போடுகிறோம். ஆகவே சமையலறைக் குழாயில் பிடித்தது எந்தத் தண்ணீர் என்று வீட்டுக்காரருக்கே தெரிவதில்லை. தொட்டிக்குள் போகும் முன் ஒவ்வொன்றையும் தனித்தனி பாட்டிலில் பிடியுங்கள். பங்குனி, சித்திரையில் ஒரு முறையும் மழை நன்றாகப் பிடித்த பிறகு ஒரு முறையும் பார்ப்பது அவசியம். கோடையில் கிணறு வற்ற வற்ற உப்பு ஏறும். சல்வீன் ஆற்றில் கடல் ஓதம் ஏறி இறங்குவதால் கரையோரக் கிணறுகளில் இது இன்னும் அதிகம். பா-ஆன் பக்கம் சுண்ணாம்புக்கல் குன்றுகளுக்கு அருகே கிணறு வைத்திருப்பவர்களுக்குக் கடினத்தன்மை இயல்பாகவே கூடுதலாக இருக்கும். அந்தக் கல்லில் ஊறிய நீர் கால்சியத்தைக் கரைத்துக்கொண்டு வருகிறது.

கடினத்தன்மையை அளக்க நமக்கு இயற்கையே ஓர் அளவுகோல் தந்திருக்கிறது. ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. மழைநீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. மழை தொடங்கிக் கூரை நன்றாகக் கழுவப்பட்ட பிறகு ஒரு பாட்டில் பிடித்து வையுங்கள். சலவைச் சவுக்காரக் கட்டியைக் கொஞ்சம் சீவி, அந்த மழைநீரில் கரைத்துக்கொள்ளுங்கள். சோப்புப் பவுடர் உதவாது. அது கடின நீரிலும் நுரைக்கும். ஒரே அளவான பாட்டில்களில் மழைநீர், குழாய்த் தண்ணீர், கிணற்றுத் தண்ணீர் ஆகியவற்றைச் சம அளவில் ஊற்றுங்கள். மருந்துச் சொட்டுக்குழாயால் சவுக்காரக் கரைசலைச் சொட்டு சொட்டாக விட்டு, ஒவ்வொரு முறையும் மூடிக் குலுக்குங்கள். நுரை எழுந்து சில நிமிடம் அடங்காமல் நிற்கும்வரை எத்தனை சொட்டு என்று எண்ணுங்கள். மழைநீர் சில சொட்டுகளிலேயே நுரைத்துவிடும். கடின நீரில் முதலில் நுரையே வராது. வெள்ளை வெள்ளையாகத் திரிந்து மிதக்கும். கால்சியம் தீர்ந்த பிறகுதான் நுரை கட்டும்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், முக்கியமான பாதி இனிமேல்தான். அதே கிணற்றுத் தண்ணீரைப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மேலே தெளிந்ததை மட்டும் எடுத்து மறுபடி சொட்டு எண்ணுங்கள். எண்ணிக்கை நன்றாகக் குறைந்தால் அது தற்காலிகக் கடினத்தன்மை. கொதித்தபோது சுண்ணாம்பு அடியில் படிந்துவிட்டது. குறையவில்லை என்றால் சல்பேட், குளோரைடு வகை. அதற்குக் கொதிக்கவைப்பது பயன்படாது. மின்வெட்டும் கரி விலையும் இருக்கிற நிலையில், எதற்கு அடுப்பு எரிக்கிறோம் என்று தெரிந்து எரிப்பது நல்லது.

எண்ணாகவே வேண்டுமென்றால் சோதனைப் பட்டைகள் இருக்கின்றன. கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மில்லிகிராம் வரை மென்னீர், 120 வரை நடுத்தரம், 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். உடல்நலத்தை முன்னிட்டு உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உச்சவரம்பு எதுவும் வைக்கவில்லை. கடின நீரைக் கண்டு பயப்படாதீர்கள். பட்டாணியும் பருப்பும் வேகாவிட்டால் ஒரு சிட்டிகை சமையல் சோடா போதும். துணிக்குச் சலவைச் சோடா. பிளாஸ்கில் வெறுந்தேநீர் ஊற்றி ஊற்றி உள்ளே பிடித்த வெள்ளைப் படிவத்துக்கு எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டு ஓர் இரவு வையுங்கள். ஹீட்டர் கம்பியில் படிவம் கட்டினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பி எரிந்துவிடும். என்னிடம் வரும் ஹீட்டர்களில் பெரும்பாலானவை இப்படிக் கெட்டவைதாம்.

இறைத்தபோது தெளிவாக இருந்த தண்ணீர் சற்று நேரத்தில் செம்பழுப்பாக மாறினால் அது இரும்பு. திடமான வெறுந்தேநீரில் அப்போதுதான் இறைத்த நீரைக் கொஞ்சம் ஊற்றிப் பாருங்கள். ஊதா கலந்த கறுப்பாக மாறினால் இரும்பு நிறையவே இருக்கிறது. நீரைப் பூவாளிபோல் துளையிட்ட குழாயால் காற்றுப் படும்படி தொட்டியில் விழவைத்து, மணல் வழியே வடித்தால் பெரும்பகுதி போய்விடும். வெள்ளைத் துணியில் இரும்புக் கறை பட்டால் பிளீச்சிங் போடாதீர்கள், கறை இறுகிவிடும். எலுமிச்சைச் சாறு போடுங்கள்.

ஒரு மோசடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வடிகட்டி விற்க வருகிறவர் உங்கள் தண்ணீரிலும் தன் இயந்திரத் தண்ணீரிலும் இரண்டிரண்டு கம்பிகளை விட்டு மின்சாரம் பாய்ச்சுவார். உங்கள் தண்ணீர் பழுப்புச் சேறாகும், அவருடையது தெளிவாகவே நிற்கும். வயதானவர்கள் பதறிப்போய்ச் சேமிப்பை எடுத்துக் கொடுத்ததை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. அந்தப் பழுப்பு அவருடைய இரும்புக் கம்பி கரைந்து வந்தது. உங்கள் நீரில் தாதுக்கள் இருப்பதால் மின்சாரம் ஓடுகிறது, அவ்வளவுதான். அவர் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு மறுபடி செய்யச் சொல்லுங்கள், அதுவும் பழுப்பாகும். டி.டி.எஸ். மீட்டரும் கரைந்த உப்பைத்தான் சொல்லும். கிருமியையும் ஆர்சனிக்கையும் காட்டாது.

இனி குடிப்பது. மழைக்காலக் கலங்கல் நீரில் படிகாரம் சுற்றித் தெளியவைப்பது நல்ல வழக்கம். ஆனால் படிகாரம் கலங்கலைத்தான் இறக்கும், கிருமிக்குப் பொறுப்பேற்காது. தெளிந்ததை வடித்து, தளதளவென்று ஒரு நிமிடமாவது கொதிக்கவிடுங்கள். கொதிக்கவைத்தும் போகாதது ஆர்சனிக். ஐராவதி டெல்டாவின் குழாய்க் கிணறுகளில் அது கண்டறியப்பட்டிருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 0.01 மில்லிகிராம். நிறமும் மணமும் சுவையும் காட்டாது என்பதால், அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால் ஆய்வகத்தில் ஒரு முறையாவது சோதிக்கச் சொல்லுங்கள்.

கிருமிச் சோதனைக்கு ஆய்வகமே தரும் பாட்டிலில்தான் பிடிக்க வேண்டும். குழாயைச் சில நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலின் வாயில் விரல் படாமல் பிடித்து, மூடி, ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்த்துவிடுங்கள். எந்தத் தண்ணீர், எந்தத் தேதி, அதற்கு முந்தைய நாள் மழை பெய்ததா என்று பாட்டிலில் ஒட்டிய தாளில் எழுதி அனுப்புங்கள்.